கட்டுமான மென்பொருளை ஏஐ விழுங்குமா? டேக்-ஆஃப் டூல் எழுதுகிறவனின் கேள்வி

அளவுநாடா:

9 வருடமாக டேக்-ஆஃப் மென்பொருள் எழுதுகிற கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். தெரியாதவர்களுக்கு: கட்டட வரைபடத்தின் பி.டி.எஃப்.ஐத் திறந்து, ஸ்கேல் வைத்து, சுவர் எத்தனை மீட்டர், தரை எத்தனை சதுர மீட்டர், கதவு எத்தனை என்று அளந்து எஸ்டிமேட்டுக்கு அனுப்புகிற டூல். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சப்-காண்டிராக்டர்கள். பெயிண்ட், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் வேலை எடுப்பவர்கள்.

போன வாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் சந்தா புதுப்பிக்கும் பேச்சில், "வரைபடத்தை ஏஐயிடம் போட்டால் அதுவே எண்ணிச் சொல்கிறது. நான் எதற்கு 14 லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும்?" என்று கேட்டார். எங்கள் விற்பனைக்காரர் வழக்கமான பாட்டைப் பாடினார்: "சார், இது இந்தத் துறைக்கென்றே செய்தது. பொது ஏஐக்குக் கட்டுமானம் தெரியாது." அவர் சிரித்துவிட்டு 5 மட்டும் புதுப்பித்தார்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. துறைக்கென்றே செய்த மென்பொருளை யாரும் அசைக்க முடியாது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது நிஜமா, இல்லை நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்ட கதையா? ஆறுதல் வேண்டாம். சைட்டில், ஆபீஸில், பண விவகாரத்தில் இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஞாயிறுகோடர்:

கதைதான். ஸ்நாக் லிஸ்ட் (கட்டி முடித்ததில் சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியல்) போடுவதற்காக எங்கள் கம்பெனி ஒரு ஆப்புக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஏஐயையே கோட் எழுத வைத்து, அதே வேலையைச் செய்கிற ஒன்றைக் கட்டிவிட்டேன். சுவரைப் படம் எடுத்தால் "பூச்சில் விரிசல்" என்று அதுவே எழுதி, பூச்சு வேலைக் குழுவின் பெயரில் போட்டுவிடுகிறது. சந்தாவை நிறுத்திவிட்டோம்.

இந்தத் துறை மென்பொருட்களில் பாதியைப் பிரித்துப் பாருங்கள். ஒரு டேட்டாபேஸ், அதன்மேல் நாலு படிவம், கடைசியில் ஒரு பி.டி.எஃப். இதற்கா இத்தனை வருடம் காசு கொடுத்தோம் என்று இருக்கிறது.

மஞ்சள்ஹெல்மெட்:

மூன்றாவது பேஸ்மெண்ட்டில் சிக்னல் கிடையாது. அங்கே உங்கள் ஆப் ஓடுமா? நானும் எலக்ட்ரிகல் சூப்பர்வைசரும் ஒரே அறையின் ஸ்நாக்கை ஆளுக்கொரு போனில் திருத்திவிட்டு மேலே வந்தால், யார் போட்டது நிற்கும்?

ஞாயிறுகோடர்:

ஆஃப்லைன் இன்னும் வரவில்லை. அது மூன்றாவது ஞாயிறு.

மஞ்சள்ஹெல்மெட்:

ஐந்தாவது ஞாயிறு வரை பொறுத்திருக்கிறேன் :)

ஆனால் உங்களை மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய ஆப்புக்கும் சரி, நிறுத்திய ஆப்புக்கும் சரி, சைட்டில் உண்மையான போட்டி வாட்ஸ்அப்தான். எங்கள் பிளம்பிங் மேஸ்திரி இன்றுவரை எந்த ஆப்பிலும் லாகின் செய்ததில்லை. குழுவில் ஒரு படம் வரும், கீழே "முடிஞ்சது" என்று ஒரு குரல் பதிவு வரும். இரவு எட்டு மணிக்கு ஒரு ஜூனியர் உட்கார்ந்து, அதையெல்லாம் கேட்டு, எந்த மாடி எந்த அறை என்று ஊகித்து ஆப்பில் ஏற்றுவார். பாதி தப்பாக இருக்கும்.

இந்த ஜூனியர் வேலையை ஏஐ எடுத்துக்கொண்டால் அந்த ஆப் சாகாது. வாங்கிப் போட்ட நாளிலிருந்து முதல்முறையாக அதற்குள் உண்மையான தகவல் போகும். இதை யாரும் பேசுவதில்லை.

28நாள்:

நான் கிளெய்ம் பக்கம், அதாவது காண்டிராக்டர் கூடுதல் பணமோ காலமோ கேட்கும் விவகாரம். தகராறு முற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் என் பார்வை கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறுகோடர் சொன்ன "டேட்டாபேஸ், நாலு படிவம்" சரிதான். ஆனால் அந்தப் படிவங்களை நிரப்புகிறவர்கள் யார் என்று பாருங்கள். கிளையண்ட், கன்சல்டண்ட், மெயின் காண்டிராக்டர், சப்-காண்டிராக்டர். ஒருவருக்குக் கிடைக்கிற பணம் இன்னொருவர் பையிலிருந்து போகிற பணம். பல நாடுகளில் பயன்படுகிற மாதிரி கட்டுமான ஒப்பந்தமான ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகம், பிரிவு 20.1: கூடுதல் காலமோ கூடுதல் பணமோ கேட்க வேண்டுமானால், காரணமான சம்பவம் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாளுக்குள் காண்டிராக்டர் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். தவறினால் இரண்டும் போச்சு. 2017 பதிப்பில் எண்களெல்லாம் மாறின, இந்த 28 நாள் மாறவில்லை. என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

நோட்டீஸ் 27-ஆம் நாள் மாலை போனதா, 29-ஆம் நாள் காலை போனதா என்பதில் ஒரு கம்பெனியின் வருட லாபமே தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் கேட்கப்படுகிற கேள்வி "யார் பதிவு?" என்பதுதான். எல்லாத் தரப்பும் ஒப்பந்தத்திலேயே ஒத்துக்கொண்ட மென்பொருளில் அனுப்பிய நேரம், திறந்த நேரம், வரைபடத்தின் எந்த ரெவிஷன் (திருத்திய பதிப்பு) இணைத்தது எல்லாம் பதிவாகியிருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். காண்டிராக்டர் தன் வீட்டிலேயே செய்த கடிகாரத்தைக் காட்டி "மணி அஞ்சு" என்றால் எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

இன்னொரு உதாரணம். டெக்ஸ்சுரா என்ற நிறுவனத்தை 2016-இல் ஆரக்கிள் 66.3 கோடி டாலருக்கு வாங்கியது. உள்ளே என்ன பெரிய வித்தை? சப்-காண்டிராக்டருக்குப் பணம் போவதும், "இந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு இனி பாத்தியதை இல்லை" என்று அவர் எழுதிக் கொடுக்கும் காகிதம் வருவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். யாரும் முதலில் கை நீட்ட மாட்டார்கள். நடுவில் நின்று இரண்டையும் மாற்றிக் கொடுப்பதுதான் வேலை. கோட் எழுதுவது சுலபமானதால் இந்த நடு இடம் காலியாகிவிடாது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. பிரிட்டனில் 2017 கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பிறகு வந்த 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 18 மீட்டர் உயரமோ 7 மாடியோ உள்ள குடியிருப்புகளுக்கு, வடிவமைப்பு முதல் குடியிருப்பு வரை ஒரே தொடர்ச்சியான டிஜிட்டல் பதிவை வைத்திருக்க வேண்டும். "பொன் இழை" என்கிறார்கள். அதை ஞாயிறு ஆப்பில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல எந்த முதலாளிக்குத் தைரியம் வரும்?

வரவுசெலவு:

28நாள் சொன்னதோடு பணக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மென்பொருள் கம்பெனிகளின் கணக்கைப் படிப்பவன், கட்டடம் கட்டத் தெரியாது.

ஒரு மென்பொருள் ஏஐக்கு எவ்வளவு பலியாகும் என்று தெரிய நான் முதலில் பார்ப்பது பில் எதன் அடிப்படையில் வருகிறது என்பதை. புரோகோர் 2002-இல் தொடங்கி 2021-இல் பங்குச் சந்தைக்கு வந்த கட்டுமான மேலாண்மை மென்பொருள் கம்பெனி. ஆள் கணக்கில் அது காசு வாங்குவதில்லை. ஒரு வருடத்தில் எவ்வளவு மதிப்புக்குக் கட்டுகிறீர்கள் என்பதை வைத்து விலை, எத்தனை பேர் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஏஐ வந்து ஆபீஸில் பாதிப் பேர் போனாலும் கட்டுகிற கட்டடம் குறையாத வரை அந்தப் பில் குறையாது. ஆள் ஒருவருக்கு ஒரு லைசென்ஸ் என்று விற்பவர்கள் நிலைமை வேறு. அளவுநாடா, உங்கள் 14 லைசென்ஸ் 5 ஆனது அப்படித்தான். உங்கள் டூலை ஏஐ தூக்கி எறியவில்லை, டூலைப் பிடித்திருந்த 9 கைகளைத்தான் குறைத்தது. உங்களுக்கு வலி ஒன்றுதான், ஆனால் மருந்து வேறு.

இரண்டாவது, அங்கே எத்தனை தரப்பு கூடுகிறது. மாணவர்களுக்கு வீட்டுப்பாட விடை விற்ற செக் (Chegg) என்ற கம்பெனியை நினைவிருக்கிறதா? 2023 மே மாதம், புதிதாகச் சேர்கிறவர்களை சாட்ஜிபிடி இழுத்துக்கொண்டு போகிறது என்று நிர்வாகமே ஒப்புக்கொண்ட மறுநாள் பங்கு கிட்டத்தட்ட பாதியாக விழுந்தது. மாணவன் தனியாக வந்தான், விடை வாங்கினான், போனான். அவனைப் பிடித்து வைக்க இன்னொரு தரப்பு இல்லை.

வரைபட மென்பொருள் கம்பெனியான ஆட்டோடெஸ்க் வாங்குவதாக 2018 கடைசியில் அறிவித்த இரண்டு கம்பெனிகளை இதோடு ஒப்பிடுங்கள். பிளான்கிரிட் 87.5 கோடி டாலர், பில்டிங்கனெக்டட் 27.5 கோடி டாலர். முதலாவது, கடைசி ரெவிஷன் எது என்று சைட்டும் ஆபீஸும் ஒத்துப்போகிற இடம். இரண்டாவது, வேலை கொடுப்பவரும் விலை சொல்பவரும் சந்திக்கிற சந்தை. அந்த விலையில் கோட் ஒரு சின்னப் பங்கு, மீதியெல்லாம் கூட்டத்துக்காகக் கொடுத்தது.

அளவுநாடா:

"தனியாக வந்து, விடை வாங்கி, போகிறவர்." என் டூலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நன்றி, இன்று இரவும் தூக்கம் போச்சு.

ரெவிஷன்சி:

பிம் ஒருங்கிணைப்பு என் வேலை, அதாவது கட்டடத்தின் முப்பரிமாண டிஜிட்டல் மாதிரியில் எல்லோர் வேலையையும் பொருத்திப் பார்ப்பது. வாடிக்கையாளர் கோபமாக இருந்தால் ஓடிவிடுவார் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 2020 ஜூலையில் ஜஹா ஹதீத், கிரிம்ஷா போன்ற பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து ஆட்டோடெஸ்க்குக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. அந்த மாதிரியை உருவாக்குகிற அவர்களின் ரெவிட் மென்பொருளின் விலை ஏறிக்கொண்டே போகிறது, அது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பது புகார். அத்தனை கோபம், அத்தனை பெரிய பெயர்கள். நான் இன்று காலையும் ரெவிட்டைத்தான் திறந்தேன்.

காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஸ்ட்ரக்சுரல்காரர் அதே ஃபைலில் இருக்கிறார், ஏசி டக்ட் போடுகிறவர் அதே ஃபைலில் இருக்கிறார், எங்கள் குடும்ப நூலகம் (கதவு, ஜன்னல், சாதன மாதிரிகளைத்தான் சொல்கிறேன், மாமா சித்தப்பா இல்லை) பத்து வருட உழைப்பு. ஐ.எஃப்.சி. என்ற பொது ஃபைல் வடிவம் இருக்கிறது, 2013-இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்று தரமாகவும் ஆனது. ஆனால் அதில் ஏற்றி இன்னொரு மென்பொருளில் திறந்தால் சுவர் வரும், "இந்தச் சுவரை இழுத்தால் அந்தக் கதவும் கூட நகரும்" என்கிற புத்தி வராது. உயிரில்லாத உடம்பு மாதிரி.

எனக்கு ஏஐ மேல் நம்பிக்கை இருப்பது இந்த இடத்தில்தான். ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, தொலைந்த உறவுகளை ஊகித்து மறுபடி கட்டுவது, பத்து வருட நூலகத்தை ஒரு மாதத்தில் பெயர்ப்பது. இது கைகூடினால் பெரிய கம்பெனிகளின் கோட்டைச் சுவரே ஆடும். உங்கள் சின்ன டூல்களை விழுங்குவதைவிட இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. வரைகிற வேலையை ஏஐ செய்வது இருக்கட்டும், வீடு மாறும் செலவைக் குறைத்தாலே போதும்.

பழையகியூஎஸ்:

இழையில் எல்லோரும் கம்பெனிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அளக்கிறவன், அளவைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு பொது ஏஐயிடம் நான் ஏற்கனவே கையால் அளந்து முடித்த ஒரு குடியிருப்பின் வரைபடங்களைக் கொடுத்துப் பார்த்தேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெசிஃபிகேஷன் புத்தகத்தைப் படித்து எந்தெந்தப் பொருளுக்கு சப்மிட்டல் (ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரியும் விவரமும்) வேண்டும் என்று பட்டியல் போட்டது. அது எனக்கு இரண்டு நாள் வேலை. ஒரு பொருளை மட்டும் விட்டிருந்தது, அதை நானும் முதல் தடவை விட்டிருந்தேன். அறைகளின் பரப்பும் பெரும்பாலும் சரி.

கெட்டது. "மாதிரி மாடி, 3 முதல் 11 வரை" என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. 7-ஆம் மாடியில் மட்டும் தீ விபத்தின்போது ஒதுங்க ஒரு இடம் உண்டு, அது வேறொரு தாளில் இருந்தது. ஏஐ 9 மாடியையும் ஒரே மாதிரி பெருக்கிவிட்டது. எதிரெதிராகத் திருப்பிப் போட்ட வீடுகளில் கதவு எண்ணிக்கை தப்பு. சுவரின் உயரம் பிளானில் இருக்காது, கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்டுகிற செக்ஷன் தாளில் இருக்கும். அதைத் தேடிப் போகாமல் 3 மீட்டர் என்று அதுவே வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டதாக என்னிடம் சொல்லவும் இல்லை. அப்புறம் அளவீட்டு விதி. சில விதிகளில் அரை சதுர மீட்டருக்குக் குறைவான திறப்பைப் பூச்சு அளவிலிருந்து கழிக்கவே மாட்டார்கள். எந்த விதி என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கேட்டால் சொல்கிறது, கேட்காவிட்டால் தன் இஷ்டத்துக்குக் கழிக்கிறது.

ஜூனியரும் இந்தத் தப்புகளையெல்லாம் செய்வான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஜூனியர் தப்புப் பண்ணின தாளில் ரப்பர் தடம் இருக்கும், ஓரத்தில் கேள்விக்குறி இருக்கும். இதன் பட்டியலில் சரியான வரியும் தப்பான வரியும் ஒரே அழகில் இருக்கின்றன.

2013-இல் நடந்தது ஒன்று ஞாபகம் வருகிறது. டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானிய கணினி ஆய்வாளர், ஜெராக்ஸ் ஸ்கேனர்கள் தாளில் உள்ள எண்களையே மாற்றிவிடுகின்றன என்று கண்டுபிடித்தார். அவருக்குச் சந்தேகம் வந்ததே ஒரு கட்டட வரைபடத்தில்தான். பெரிய அறைக்கும் சின்ன அறைக்கும் ஸ்கேனில் ஒரே பரப்பு, 14.13 சதுர மீட்டர். படத்தைச் சுருக்கும் முறை, ஒன்றுபோல் தெரிகிற துணுக்குகளைத் தூக்கி இன்னொன்றின் இடத்தில் வைத்திருக்கிறது. மங்கலாக இருந்திருந்தால் யாராவது மறுபடி ஸ்கேன் செய்திருப்பார்கள். எண் பளிச்சென்று இருந்தது, அதனால் யாரும் பார்க்கவில்லை. ஏஐ போட்ட டேக்-ஆஃப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 14.13 கண்முன் வந்து நிற்கிறது.

அளவுநாடா:

பழையகியூஎஸ் ஐயா, இதுதான் நான் தேடிய பதில். எங்கள் டூலில் தப்பு வந்தால் எங்களைப் பிடித்துக் கேட்கலாம், நாங்கள் பொறுப்பு. பொது ஏஐயிடம் யாரைக் கேட்பார்கள்? இதையே வாடிக்கையாளரிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

28நாள்:

சொல்லாதீர்கள். அவரிடம் நல்ல வக்கீல் இருந்தால் உங்களைத் திருப்பி அடிப்பார்.

1993-இல் மார்டென்சன் என்ற அமெரிக்கக் கட்டுமான நிறுவனம் சியாட்டிலில் ஒரு மருத்துவமனை வேலைக்கு டெண்டர் போட்டது. விலைகளைச் சேர்த்துக் கணக்கிட டிம்பர்லைன் என்ற துறை சார்ந்த மென்பொருளைத்தான் பயன்படுத்தினார்கள். வேலை கிடைத்துவிட்டது. பிறகு பார்த்தால் கேட்டிருக்க வேண்டிய தொகையைவிட 19.5 லட்சம் டாலர் குறைவு. மென்பொருளில் பிழை. அந்தப் பிழை டிம்பர்லைனுக்கு ஏற்கனவே தெரியும், வேறு சிலருக்குத் திருத்திய பதிப்பும் போயிருந்தது. வழக்கு வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2000-இல் தீர்ப்பு வந்தது. மென்பொருளோடு வந்த உரிம ஒப்பந்தத்தில், நஷ்டஈடு என்றால் உரிமத்துக்குக் கட்டிய தொகை வரைதான் என்று எழுதியிருந்தது. அது செல்லும் என்றார்கள். நஷ்டம் முழுக்க காண்டிராக்டர் தலையில்.

உங்கள் லைசென்ஸிலும் அதே வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். பொறுப்பை விற்கிறோம் என்று எந்த மென்பொருள் கம்பெனியும் சொல்ல முடியாது. எண் தப்பினால் அன்றும் டெண்டரில் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டினார், இன்றும் அவர்தான்.

அளவுநாடா:

எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. பிரிவு 11.

ஃப்ளோட்சீரோ:

பிளானிங் பக்கம் சுருக்கமாக. எந்த வேலை தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று சொல்கிற கிரிட்டிகல் பாத் கணக்கு 1957-லிருந்து இருக்கிறது, அதை வைத்து ஷெட்யூல் போடுகிற பிரைமவேரா மென்பொருள் 1983-லிருந்து. அந்தக் கணக்கை யாரும் திருடத் தேவையில்லை, எப்போதோ பொதுச்சொத்து. ஷெட்யூல் ஃபைல் உள்ளே வெறும் எழுத்துதான், ஏஐ நன்றாகவே படிக்கிறது. மாத அறிக்கை, தாமதத்துக்கான விளக்கம், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் எந்த லாஜிக்கை (எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்ற தொடர்பை) மாற்றினார்கள் என்ற ஒப்பீடு, இதற்கெல்லாம் தனி டூல் விற்றுக்கொண்டிருந்தவர்கள் பாவம். அந்தக் கடை மூடியாகிவிட்டது. ஆனால் "பிரைமவேராவில் கொடு" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற வரை பிரைமவேரா இருக்கும். நல்ல மென்பொருள் என்பதால் அல்ல, ஷரத்து என்பதால்.

ஞாயிறுகோடர்:

எல்லோரும் பெரியவர்களுக்குக் காவல் நிற்கிறீர்கள். ஷரத்து, வழக்கு, சட்டம். இதெல்லாம் பெரிய வேலைக்கு. 10 வீடு கட்டுகிற சின்ன பில்டருக்கு ஃபிடிக்கும் கிடையாது, பொன் இழையும் கிடையாது. அவர் வாங்கி வைத்திருக்கிற சின்னச் சின்ன டூல்கள் (கம்பி வெட்டும் பட்டியல் போட ஒன்று, ஆள் வருகைக்கு ஒன்று, பில் போட ஒன்று) எல்லாமே ஒரு எக்செல்லும் ஏஐயும் இருந்தால் தேவையில்லை. அங்கே விழுவது நிச்சயம்.

பழையகியூஎஸ்:

அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். துறை மென்பொருள் வந்தால் எக்செல் ஒழியும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். இப்போது எக்செல்லுக்குக் கைகால் முளைத்திருக்கிறது.

கம்பிப் பட்டியலில் மட்டும் ஜாக்கிரதை. வளைவு நீளத்தைக் கழிப்பதை ஏஐ ஊகத்தில் செய்யக்கூடாது, ஃபார்முலா எழுதி வாங்கி அந்த ஃபார்முலாவை நீங்கள் சரிபாருங்கள். வெட்டின கம்பி ஒட்டாது.

மஞ்சள்ஹெல்மெட்:

ஒரு புலம்பல். ஏஐ வந்ததிலிருந்து ஆர்.எஃப்.ஐ. (வரைபடத்தில் சந்தேகம் இருந்தால் கன்சல்டண்டுக்கு எழுதும் கேள்வி) கூடிவிட்டது. முன்பு "பீம் பி12, அளவு இரண்டு தாளில் இரண்டு விதமாக இருக்கிறது, எது சரி?" என்று ஒரு வரி வரும். இப்போது மூன்று பத்தி, ஒப்பந்தப் பிரிவு எண்ணோடு. கன்சல்டண்ட் அதை ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கி, பதிலை ஏஐயிடம் கொடுத்து விரித்து அனுப்புகிறார். எங்களிடம் வரும்போது பீம் அளவு எங்கோ நடுவில் ஒளிந்திருக்கிறது. ஷட்டரிங் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

28நாள்:

எனக்கு அடுத்த பத்து வருடத்துக்கு வேலை உறுதி என்று தெரிகிறது.

வரவுசெலவு:

ஞாயிறுகோடர் பெரியவர்களுக்குக் காவல் நிற்கிறோம் என்றார். அவர்களுக்கும் ஒரு கண்டம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாரபட்சம்.

புரோகோர் மாதிரி ஒன்றை யாரோ திரும்ப எழுதிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு இல்லை. அதைத் திறக்காமலே வேலை நடக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதுதான் பயம். புராஜெக்ட் மேனேஜர் காலையில் ஏஐயிடம் "பதில் வராத ஆர்.எஃப்.ஐ. எத்தனை, அதில் எது இந்த வாரக் காங்கிரீட்டை நிறுத்தும்?" என்று கேட்கிறார். ஏஐ மென்பொருளுக்குள் போய், ஷெட்யூலுக்குள் போய், மின்னஞ்சலுக்குள் போய்ச் சேர்த்துச் சொல்கிறது. அவர் அந்த மென்பொருளின் முகத்தையே பார்ப்பதில்லை. பதிவு அங்கேதான் இருக்கும், சாட்சியமும் அங்கேதான். ஆனால் கிடங்கு வாடகைக்கு மேல் யார் கொடுப்பார்கள்? புதிது புதிதாக மாட்யூல் விற்று விலையை ஏற்றுகிற வியாபாரம் அங்கே நின்றுபோகும்.

கிடங்குக்காரர் சும்மா இருக்க மாட்டார். கதவைச் சாத்துவார். வெளி ஏஐ உள்ளே வர ஒவ்வொரு அழைப்புக்கும் கட்டணம், அளவு வரம்பு, "எங்கள் ஏஐயையே பயன்படுத்துங்கள்" என்ற அன்பு. அடுத்த சண்டை அந்தக் கதவில்தான்.

28நாள்:

அந்தச் சண்டையில் கட்டட உரிமையாளரை மறந்துவிடாதீர்கள். திட்டத் தகவல் யாருக்குச் சொந்தம், வேலை முடிந்ததும் எந்த வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிற அதிகாரம் அவரிடம் இருக்கிறது. இதுவரை பலர் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். இப்போது படிக்கிறார்கள். படித்துச் சொல்லத்தான் ஏஐ இருக்கிறதே.

ரெவிஷன்சி:

வெளியிலிருந்து பணத்தோடு வந்தால் இந்தத் துறையைப் புரட்டிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு காட்டெரா என்ற அமெரிக்கக் கட்டுமான கம்பெனியின் கதையைப் படியுங்கள். 2015-இல் ஆரம்பம், ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்க்கின் பணம், தொழிற்சாலை, வடிவமைப்பு, மென்பொருள் எல்லாம் ஒரே கூரையில். 2021 ஜூனில் திவால். அது ஏஐ கதை இல்லை, தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கை செய்யும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பெயர் ஞாபகம் வரும்.

ஞாயிறுகோடர்:

நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஸ்நாக் லிஸ்ட் மட்டும்தான் :) அதுவும் நேற்று ஒரு மாடியின் படங்களை அழித்துவிட்டது. பேக்கப் இருந்தது. பாதிக்கு.

அளவுநாடா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று எங்கள் மேனேஜரிடம் இந்த இழையைக் காட்டினேன். நான் சொன்னது இதுதான்: எண்ணுவதை இனி நாம் விற்க முடியாது. அதை இலவசமாகவே கொடுத்துவிடலாம், எந்த ஏஐ வேண்டுமானாலும் எண்ணட்டும். எண்ணியதைச் சரிபார்க்கிற இடமாக நாம் மாற வேண்டும். 214 கதவு என்று வந்தால், அந்த 214-இல் ஒவ்வொன்றும் எந்தத் தாளில் எந்த இடம் என்று காட்ட வேண்டும். உயரம் 3 மீட்டர் என்றால் செக்ஷனில் எடுத்ததா, தானாக வைத்துக்கொண்டதா என்று வேறு நிறத்தில் காட்ட வேண்டும். ரெவிஷன் மாறினால் எந்த எண் ஏன் மாறியது என்று சொல்ல வேண்டும். விலை ஆள் கணக்கில் வேண்டாம், டெண்டர் கணக்கில் வைக்கலாம். அந்த ரிப்போர்ட்டை சப்-காண்டிராக்டர் மெயின் காண்டிராக்டருக்கும் அனுப்ப முடிந்தால், வரவுசெலவு சொன்ன மாதிரி இரண்டாவது தரப்பும் உள்ளே வருகிறது.

மேனேஜர் "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன பலதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் வியாழக்கிழமை அந்த வாடிக்கையாளரிடம் ஒரு முன்மாதிரியையாவது காட்டப் போகிறேன். பழையகியூஎஸ் ஐயா, ஏஐ தப்பிய அந்த மாதிரி மாடித் தாள்கள் கிடைக்குமா? நல்ல தாள்களில் சோதித்து என்ன பிரயோஜனம்.

பழையகியூஎஸ்:

கிளையண்ட் பெயர், இடம் எல்லாம் மறைத்துவிட்டு நாளைக்கு அனுப்புகிறேன் தம்பி. நேற்று அதற்கு ரெவிஷன் டி வந்திருக்கிறது, அதையும் சேர்த்தே அனுப்புகிறேன். என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன். மாறிய இடத்தைக் காட்ட அதைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு கோடு போடுவார்கள், அதைப் போட அவர்கள் மறந்துவிட்டார்கள்.